வாசகியர் கேள்வி, மருத்துவர்கள் பதில்: தள்ளிப் போகும் மாதவிடாய்

வளரிளம் பெண்களின் மாதவிடாய் பற்றி வந்த கடிதங்களில் எட்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இனி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஒழுங்காக வருவதில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். வயதுக்கு வந்த மாதம் எது, கடைசி நான்கு முறை எந்தெந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதினாலே பாதிப் பதில் அதில் கிடைத்துவிடும்.

மகளுக்கு 12 வயது. வயதுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சடங்கு முடிந்து 60 நாள் கழித்துத்தான் அடுத்தது வந்தது. பிறகு 25 நாளில் ஒன்று, 40 நாளில் ஒன்று. இப்போது 52 நாளாகிவிட்டது, இன்னும் வரவில்லை. மாமியார் 'சூட்டு உடம்பு' என்கிறார். ஸ்கேன் எடுத்துவிடலாமா?
ஒரு தாய், விருதுநகர்

ஸ்கேன் வேண்டாம். மருந்தும் வேண்டாம். சூட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

மாதவிடாய் குறித்த நாளில் வர வேண்டுமானால் முதலில் சினைப்பையிலிருந்து முட்டை வெளியேற வேண்டும். வெளியேறிய பிறகு புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் சுரக்கும். ஏறக்குறைய 14 நாளில் அது வடியும், உடனே உதிரப்போக்கு தொடங்கும். முட்டையை வெளியேற்றும் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த உத்தரவு சீராக வராது. முட்டை வெளிவராத மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற மற்றொரு ஹார்மோன் மட்டும் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கவைத்துக்கொண்டே போகும். தடித்த சவ்வு நிலைகொள்ளாமல் என்றைக்குச் சரிகிறதோ அன்றைக்குத்தான் உதிரம். அதனால்தான் உங்கள் மகளுக்கு ஒரு முறை 25 நாள், ஒரு முறை 60 நாள் என்று வருகிறது.

இந்த வயதில் 21 முதல் 45 நாள் வரையிலான இடைவெளி இயல்பு. முதல் ஆண்டில் ஓரிரு முறை அதைத் தாண்டினாலும் பயமில்லை. ஆனால் எந்த ஆண்டாக இருந்தாலும், ஒரே ஒரு முறைதான் என்றாலும், 90 நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'வயசுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான்' என்ற ஆறுதலுக்கு 90 நாள்தான் எல்லை. வயதுக்கு வந்து ஓராண்டு முடிந்த பிறகும் 45 நாளுக்கு மேலோ 21 நாளுக்குள்ளோ திரும்பத் திரும்ப வந்தால் காட்டுங்கள். மூன்று ஆண்டு ஆனவர்களுக்கு மேல் வரம்பு 35 நாள்.

நாள்களை எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். உதிரம் தொடங்கிய நாள்தான் முதல் நாள். அடுத்த முறை தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள்வரை எண்ண வேண்டும். உதிரம் நின்ற நாளிலிருந்து எண்ணினால் ஐந்தாறு நாள் விட்டுப்போகும். சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டால் ஆண்டு முடிந்ததும் அது பழைய பேப்பரோடு போய்விடும். மகள் கையில் ஒரு சின்ன நோட்டைக் கொடுங்கள். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, அதிகம் போன நாளில் எத்தனை நாப்கின், வலியால் பள்ளிக்கு லீவு போட்டாளா என்ற நான்கு விவரம் போதும்.

காத்திருக்கும் காலத்திலும் சில அறிகுறிகளைக் கண்டால் 90 நாள் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உடம்பு மளமளவென இளைப்பது, மார்புக் காம்பிலிருந்து பால் போல் கசிவது, ஓயாத தலைவலியோடு பார்வை மங்குவது, முகத்தில் தடித்த முடி வேகமாக வளர்வது ஆகியவை அந்த வகை.

என் மகளுக்கு (15) போன மாதம் 3-ஆம் தேதி வந்தது, 29-ஆம் தேதி மறுபடியும் வந்துவிட்டது. மாதத்துக்கு இரண்டு முறை வந்தால் ரத்தம் குறைந்துவிடாதா?
வாசகி, காரைக்குடி

3-இலிருந்து 29 வரை 26 நாள். அது முழு இயல்பு. ஆங்கில மாதம் 31 நாள் ஓடுவதால் ஒரே ஏட்டில் இரண்டும் விழுந்துவிட்டன, அவ்வளவுதான். இடைவெளி 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலோ, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தாலோதான் கவனிக்க வேண்டும்.

எனக்கு 16 வயது. 12 வயதில் பெரிய மனுஷி ஆனேன். 60, 70 நாளுக்கு ஒரு முறைதான் பீரியட்ஸ் வருகிறது. ஸ்கேன் எடுத்ததில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி, பிசிஓடி என்று வந்தது. மெட்ஃபார்மினும் ஒரு ஹார்மோன் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஹார்மோன் மாத்திரை கருத்தடை மாத்திரை என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னதிலிருந்து அம்மா அழுதுகொண்டிருக்கிறார். எனக்குக் குழந்தை பிறக்காதா?
பிளஸ் ஒன் மாணவி, கோவை

பிறக்கும். இதை முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

ஸ்கேனில் தெரிந்தவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. முட்டைகள் வளரும் சிறு பைகள் அவை, ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். பதின்ம வயதுப் பெண்ணின் சினைப்பையில் இவை இயல்பாகவே நிறைய இருக்கும். அதனால்தான் வயதுக்கு வந்து எட்டு ஆண்டு முடியும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்று 2018-இலும் 2023-இலும் வந்த சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனைக்கும் இந்த வயதில் இதே விதிதான். ஸ்கேன் சென்டரின் தாளில் 'பாலிசிஸ்டிக்' என்று அச்சானதும் நோய் உறுதியாகிவிட்டது என்று நம்பி வாழ்நாள் முத்திரையோடு திரியும் பெண்கள் ஏராளம்.

உங்கள் வயதில் பிசிஓஎஸ் (உங்களிடம் பிசிஓடி என்று சொன்னது இதைத்தான்) என்று சொல்ல இரண்டு விஷயமும் இருக்க வேண்டும். ஒன்று, மாதவிடாய்ச் சுற்று தவறுவது. வயதுக்கு வந்து நான்கு ஆண்டு ஆன உங்களுக்கு 60 நாள் இடைவெளி அதிகம்தான், அந்த ஒன்று இருக்கிறது. மற்றொன்று, ஆண் ஹார்மோன் கூடியிருப்பது. மேலுதடு, தாடை, தொப்புளுக்குக் கீழ் தடித்த கருமுடி, சாதாரணக் களிம்புக்கு அடங்காத முகப்பரு, அல்லது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரான் கூடுதலாக இருப்பது என்று ஏதாவது ஒன்றில் அது தெரிய வேண்டும். இதோடு தைராய்டுக்கு டிஎஸ்எச், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் கோளாறு இல்லையென்று உறுதி செய்ய காலையில் எடுக்கும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரான் ஆகியவையும் பார்த்திருக்க வேண்டும். உங்கள் கோப்பில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள், தவறில்லை. சுற்று தவறுவது மட்டும் இருந்து மற்றது இல்லையென்றால், 'பிற்பாடு வரக்கூடும், பார்த்துக்கொள்வோம்' என்ற அளவில் வைத்து அவ்வப்போது மறுபரிசோதனை செய்வதே முறை.

ஹார்மோன் மாத்திரையைப் பற்றி. 21 நாள் விழுங்கி 7 நாள் நிறுத்தினால் அந்த ஏழு நாளில் உதிரம் வரும். பெயர் கருத்தடை மாத்திரை என்றாலும் உங்களுக்கு அது இரண்டு வேலை செய்கிறது. மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும் சவ்வை ஒழுங்காக வெளியேற்றுகிறது, ஆண் ஹார்மோனைக் குறைத்துப் பருவையும் முடியையும் அடக்குகிறது. நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். ஆனால் தொடங்குமுன் ரத்த அழுத்தம் பார்த்திருக்க வேண்டும். கண்முன் மின்னல் தெரிந்து பின் வரும் ஒற்றைத் தலைவலி, உங்களுக்கோ வீட்டில் நெருங்கியவர்களுக்கோ கால் நரம்பில் ரத்தம் உறைந்த வரலாறு ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இது ஆகாது. மாத்திரையே வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்தால்கூட 90 நாளுக்கு ஒரு முறையாவது உதிரம் வர வேண்டும். வராவிட்டால் புரோஜெஸ்ட்ரான் வகை மாத்திரையைச் சில நாள் கொடுத்து வரவைப்பார்கள்.

மெட்ஃபார்மின், இன்சுலினைச் சரியாக வேலை செய்ய வைக்கும் மாத்திரை. அதைச் சாப்பாட்டோடு விழுங்குங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல், பேதி. 500 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றினால் வயிறு பழகிவிடும். பின்கழுத்திலும் அக்குளிலும் தேய்த்தாலும் போகாத கருமை இருக்கிறதா? அது அழுக்கு அல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. எடை அதிகமுள்ளவர்களுக்கு உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுற்று திரும்பத் தொடங்கும். 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். அதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது. பட்டினியும் மாதவிடாயை நிறுத்தும். டியூஷன் போகும் வழியில் பப்ஸும் பாட்டில் குளிர்பானமும் வாங்குவதை நிறுத்துங்கள், இரவுச் சோற்றில் பாதியை எடுத்துவிட்டுக் காயும் சுண்டலும் சேருங்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படி விளையாடுங்கள். ஒல்லியாக இருந்தால் எடைக் குறைப்பு உங்களுக்கு இல்லை.

பிற்காலத்தில் கரு தாமதமானால் முட்டையை வெளியேற்ற வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. இந்தக் கோளாறு உள்ள பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தாயாகிறார்கள்.

மகள் (15) விளையாட்டு விடுதியில் தங்கி 800 மீட்டர் ஓடுகிறாள். முன்பு மாதாமாதம் வந்தது, ஐந்து மாதமாக வரவில்லை. 'ஓடுகிற பிள்ளைக்கு அது நிற்பது நல்லதுதான்' என்கிறார் பயிற்சியாளர். சரியா?
ஒரு தந்தை, திருச்சி

சரியில்லை. ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒருத்திக்கு மூன்று மாதம் நின்றாலே பரிசோதனை வேண்டும்.

ஓட்டத்தில் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாதபோது, இனப்பெருக்கத்துக்கான செலவை மூளை முதலில் நிறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்குப் போகும். பெண்ணின் எலும்பு வலுவில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, அந்தச் சேமிப்பு நடக்கும் காலத்தில்தான் உங்கள் மகள் இருக்கிறாள். முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பிலோ பாதத்திலோ ஒரே இடத்தில், ஓடும்போது கூடி, அழுத்தினால் சுரீரென்று வலித்தால் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அதன்மேல் மேலும் ஓடவிடக் கூடாது.

சிகிச்சையில் சாப்பாடுதான் முதலில். இப்போது சாப்பிடுவதோடு நாளுக்கு 300 முதல் 500 கலோரி கூட்ட வேண்டும். ஒரு வாழைப்பழம், இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி (30 கிராம்) நிலக்கடலை சேர்த்தால் 400 ஆகிவிடும். காலைப் பயிற்சி முடிந்த அரை மணிக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். விடுதியில் எட்டரை மணிக்குத்தான் டிபன் என்றால் கடலைமிட்டாயும் பழமும் கையில் கொடுத்தனுப்புங்கள். பயிற்சியைச் சில வாரம் குறைக்க வேண்டிவரலாம். சுற்று திரும்பச் சில மாதம் பிடிக்கும். அதுவரை ஹார்மோன் மாத்திரை கொடுத்து உதிரத்தை வரவைத்தால் கணக்கு நேரானதுபோல் தெரியும், சக்திப் பற்றாக்குறை அப்படியே இருக்கும்.

மருத்துவர் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார், மகளிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுவார். கோபப்படாதீர்கள். மாதவிடாய் நின்ற எல்லாப் பெண்களுக்கும் இதுதான் முதல் படி. அதன் பின் தைராய்டும் புரோலாக்டினும் பார்ப்பார்கள்.

நீட் பயிற்சிக்காக வீட்டைவிட்டுப் போய், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, ஐந்து மணி நேரம் தூங்கும் பெண்களுக்கும் இதே காரணத்தால்தான் நிற்கிறது.

என் வகுப்பில் (9-ஆம் வகுப்பு) ஒரு மாணவிக்கு இரண்டு மூன்று மாதம் வராமல் இருந்து, வந்தால் 12 நாள் நிற்பதில்லை. காலை வழிபாட்டில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். போதாதா?
ஆசிரியை, தருமபுரி

போதாது. இந்தப் பெண்ணை இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ரத்தசோகை வராமல் தடுக்கத்தான் அந்த அளவு. வந்துவிட்ட சோகையைத் தீர்க்க மருத்துவர் சொல்லும் அளவில் நாள்தோறும் விழுங்க வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்க வேண்டும், 8-க்குக் கீழ் என்றால் கடுமையான சோகை. எண்ணிக்கை 12 ஆனதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் தவறு. உடம்பின் இருப்பு நிரம்ப அதன் பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். டீ, காபிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். மலம் கருப்பாகப் போகும், பயமில்லை.

மாதக்கணக்கில் வராமலிருந்து பிறகு கொட்டுவதற்குக் காரணம் முதல் பதிலில் சொன்ன தடித்த சவ்வுதான். ஆனால் அது மட்டும்தானா என்று பார்த்தாக வேண்டும். அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் தேய்க்கையில் ஈறில் ரத்தம், லேசாக இடித்தாலே கன்றிப்போவது, பல் பிடுங்கியபின் நிற்காத ரத்தம், தாய்க்கோ அக்காளுக்கோ இதேபோல் அதிகப் போக்கு என்று ஏதாவது இருந்தால் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம். வான் வில்லிபிராண்ட் நோய் அதில் முக்கியமானது, பல பெண்களுக்கு முதல் மாதவிடாயில்தான் அது வெளியே தெரிகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இயல்பென்றால் ஏழு நாளுக்குள் நிற்கும், நாளுக்கு மூன்று முதல் ஆறு நாப்கின் ஆகும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதும் நனைவது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது எல்லாம் அதிகம். நாப்கின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஏமாறவும் வேண்டாம். கையில் இருப்பதே குறைவு என்பதால் ஒன்றையே நாள் முழுதும் வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு, தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள். மணிக்கு ஒன்று வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, படபடப்பும் மயக்கமும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் டிரானெக்ஸாமிக் அமிலமோ ஹார்மோன் மாத்திரையோ கொடுத்து நிறுத்துவார்கள். ஹார்மோன் மாத்திரையை 'நின்றுவிட்டதே' என்று நடுவில் விட்டால் இரண்டு மூன்று நாளில் முன்னைவிட வேகமாகத் திரும்பும். சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் நீங்களே சொல்லுங்கள்.

பப்பாளி, அன்னாசி, எள்ளும் வெல்லமும் கொடுத்தால் வந்துவிடும் என்று பேத்திக்குக் கொடுத்து வருகிறேன். சரிதானே?
70 வயது வாசகி, தஞ்சாவூர்

தாராளமாகக் கொடுங்கள் அம்மா. எள்ளில் இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு, பழமும் நல்லதே. ஆனால் வராத மாதவிடாயை வரவைக்கும் வேலையை இவை செய்வதில்லை. எள்ளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் 90 நாள் கடந்துவிடும், அதுதான் கவலை. உளுந்தங்களி பற்றியும் ஒரு வார்த்தை. நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்த களி, மெலிந்த பிள்ளைக்கு நல்ல உணவு. ஏற்கெனவே பருமனான பிள்ளைக்குத் தினமும் ஒரு கிண்ணம் வேண்டியதில்லை.

மகளுக்கு 15 முடிந்து 16 நடக்கிறது. இன்னும் வயதுக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் லேட்டாகத்தான் வருவார்கள். காத்திருக்கலாமா?
ஒரு தாய், திருநெல்வேலி

15 முடிந்துவிட்டால் காத்திருப்பு முடிந்தது. மார்பு வளரத் தொடங்கி மூன்று ஆண்டாகியும் வராவிட்டாலும், 13 வயதுவரை மார்பு வளர்ச்சியே இல்லாவிட்டாலும் அதற்கு முன்பே காட்ட வேண்டும்.

உங்கள் மகளிடம் நீங்களே மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். மார்பு வளர்ச்சி இருக்கிறதா? இல்லையென்றால் சினைப்பையோ மூளையின் உத்தரவோ வேலை செய்யவில்லை. வகுப்பில் எல்லோரையும்விட மிகக் குள்ளமா? 2,000 முதல் 2,500 பெண்களில் ஒருவருக்கு வரும் டர்னர் குறைபாட்டில் எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாமலோ குறைந்தோ இருக்கும், குரோமோசோம் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாதாமாதம் அடிவயிறு வலித்து, உதிரம் மட்டும் வரவில்லையா? கன்னிச்சவ்வில் துளை இல்லாமல் உதிரம் உள்ளேயே தேங்கியிருக்கலாம். சிறுநீர் அடைத்துக்கொண்டு அவசரமாக வரும் பிள்ளைகளில் சிலருக்குக் காரணம் இதுவே. சிறு அறுவையில் அன்றே தீரும்.

மார்பும் உயரமும் சரியாக இருந்து வலியும் இல்லையென்றால் கருப்பையே உருவாகாமல் இருக்கும் நிலையும் ஒன்று உண்டு. 5,000 பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு. இதைத் திருமணப் பேச்சு நடக்கும்போது கண்டுபிடிப்பதைவிடக் கொடுமை இல்லை.

உள்பரிசோதனை செய்வார்களோ என்ற பயம் வேண்டாம். வெளிப்புறமாகப் பார்ப்பதும் வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேனும் போதும். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் போகாமல் வர வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பாவிட்டால் கருப்பை சரியாகத் தெரியாமல் 'சிறியது' என்று தவறாக எழுதிவிட வாய்ப்புண்டு.

கோயில் கொடைக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட மகளுக்கு (17) மாத்திரை வாங்கலாமா? ஏற்கெனவே ஒழுங்காக வராதவள்.
வாசகி, தூத்துக்குடி

வழக்கமாகத் தருவது நாரெத்திஸ்டெரோன் என்ற புரோஜெஸ்ட்ரான் வகை மாத்திரை 5 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி விழா முடியும்வரை விழுங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். உதிரம் தொடங்கியபின் விழுங்கினால் பலன் கிடையாது. ஒரு வேளை மறந்தாலும் திட்டுத்திட்டாகப் படும். ரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் நோய், மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. வலிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் இதன் வேலையைக் குறைத்துவிடும்.

உங்கள் மகளுக்கு எதிர்பார்க்கும் தேதியே இல்லையே, எந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு தொடங்குவீர்கள்? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் குத்துமதிப்பாகக் கொடுத்தால் பத்து இருபது நாள் வீணாக விழுங்குவாள், பல மாதமாக வராததன் காரணமும் மறைந்துபோகும். கொடைக்கு ஒரு மாதம் முன்பாகவே, கடைசி ஆறு தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போடும் மாத்திரை வேண்டுமா என்று அவர் பிறகு சொல்வார், முதலில் அந்தத் தேதிகளைத்தான் கேட்பார்.